நடந்து வரக்கூடிய காலேஜ்

எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், என் வாயில் முதலில் வருகிற கேள்வி, "அங்கிருந்து வீட்டுக்கு நடந்து பார்த்தீர்களா?" என்பதுதான். வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, லேப் எப்படி, லெக்சரர்கள் எப்படி, ரிசல்ட் எப்படி என்று ஊரே கேட்பதை நானும் கேட்டுவைப்பேன். இல்லாவிட்டால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் பார்த்தபோது அந்த ஒன்றைத்தான் பார்த்தார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். எனக்கு எட்டு வயது. ஆஸ்டின் டவுனில் ஃபுட்பால் மைதானத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. பெங்களூரில் பத்தாவது முடித்ததுமே பி.யூ.சி. படிக்கக் காலேஜுக்குப் போய்விடலாம். அதாவது, பதினாறு வயதிலேயே யூனிஃபார்மை மூட்டை கட்டிவிடலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அக்காவைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே யோசனை சொல்லுகிறவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். விவேக் நகர் பெரியம்மா, கன்னியாஸ்திரிகள் நடத்துகிற காலேஜ்தான் பெண்பிள்ளைக்குச் சரி, அங்கே மதில் உயரம் என்றாள். மாவு மில்காரர், எந்தக் காலேஜில் சேர்ந்தாலும் கேன்டீன் பக்கம் மட்டும் போகக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். மாமா பி.காம். முதல் வருஷத்தோடு நின்றுவிட்டவர். அதனால் முதல் வருஷத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. முதல் மாசம் புஸ்தகம் வாங்கக்கூடாது, சீனியர்களிடமே கிடைக்கும். முதல் பெஞ்சும் ஆகாது, கடைசி பெஞ்சும் ஆகாது. லெக்சரர் பெயர் தெரியாவிட்டாலும் பியூன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். காபி ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் எப்போதோ முடிவு பண்ணிவிட்டிருந்தாள். பசவனகுடியில் ஒரு காலேஜ். அங்கே எலக்ட்ரானிக்ஸ் ஒரு பாடமாக இருந்தது. எங்கள் பக்கத்துக் காலேஜ்களில் அது இல்லை. வீட்டு ரேடியோவை முழுக்கக் கழற்றி மறுபடி மாட்டியவள் அக்கா. மாட்டிய பிறகும் அது பாடியது என்பதுதான் விசேஷம். எலக்ட்ரானிக்ஸ் கிடைக்காவிட்டால் படிக்கவே போவதில்லை என்று அம்மாவிடம் சமையல்கட்டில் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிற ரகம். அம்மா பயந்துபோயிருந்தாள்.

அப்பா வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, "எந்தக் காலேஜா இருந்தாலும் பர்வாயில்லம்மா. அங்கேர்ந்து வீட்டுக்கு நடந்து வர முடியணும். அவ்ளோதான்" என்றார்.

"அதான் பஸ் இருக்கேப்பா."

"பஸ் இருக்கற அன்னிக்கு பஸ்லயே வா."

இது எனக்குப் பெரிய புதிராகப் போய்விட்டது. பஸ் ஏன் இல்லாமல் போகும்? அம்மாவைக் கேட்டேன், "உங்கப்பாவப் போய்க் கேளு" என்றாள். மாமாவைக் கேட்டேன், "பஸ் பாஸ் எடுத்துக் குடுக்க மனசு வரல, வேற என்ன?" என்றார். அப்பாவையே கேட்டேன். "நடந்தா நல்லா பசிக்கும் கண்ணு" என்றார். இரண்டில் எது நிஜம் என்று தெரியாமல், இரண்டையும் நம்பினேன்.

முந்தின டிசம்பரையும் இதையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை. காவிரித் தண்ணீருக்காக ஊரில் பெரிய கலாட்டா நடந்த மாசம் அது. தமிழ்க்காரர்கள் வெளியே தலைகாட்டப் பயந்த நாட்கள். எனக்கு அது லீவு. அம்மா தமிழ்க் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். நானும் அக்காவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கத் தாயம் ஆடினோம். ஒரு நாள் அப்பா வழக்கம்போல் ஃபேக்டரி பஸ்ஸில் வராமல், கூட வேலை செய்கிற ஒரு அங்கிளின் ஸ்கூட்டரில், அந்த அங்கிளின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். ஓட்டுகிறவர் தலை வெறுமனே இருக்க, பின்னால் இருப்பவர் தலையில் ஹெல்மெட். நான் கைகொட்டிச் சிரித்தேன். அம்மா ஏன் என் முதுகில் ஒன்று வைத்தாள் என்று தெரியவில்லை.

ரிசல்ட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் பசவனகுடிக்கு அழைத்துப்போனார். காலேஜ் கேட் பூட்டியிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. கட்டடத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, "ம், நடங்க" என்றார். பஸ் வந்த வழியாகவே திரும்பி நடந்தோம். அக்கா, மாமா வாங்கிக்கொடுத்த ஹை ஹீல்ஸ் போட்டிருந்தாள். காலேஜுக்குப் போகிறவள் அதைத்தானே போடுவாள்? மினர்வா சர்க்கிள் வருவதற்குள் இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டது. மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அப்பா பக்கத்தில் குந்தினார். "இது ஆகாதும்மா. பக்கத்துலயே ஏதாச்சும் பாக்கலாம்."

"நடந்து வர முடியணும்னு நீதானே சொன்ன? முடியலன்னு நான் சொன்னனா?"

ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தாள். அப்பா அவள் குதிகாலைப் பார்த்தபடியே பின்னால் வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்க அப்படி இல்லை, ஏனென்றால் அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கே தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க அப்பா ஷிஃப்ட் முடிந்தும் நேரத்துக்கு வீட்டுக்கு வரவில்லை. செருப்பில் செம்மண்ணோடு இருட்டின பிறகு வருவார். எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டால், "சும்மா, ஒரு ரவுண்டு" என்பார். மறு ஞாயிறு புறப்படும் முன்னால் அக்காவுக்கு ஒரு ஜோடி செருப்பு எடுத்துவைத்தார். பின்னால் வார் வைத்து, தட்டையாக, போஸ்ட்மேன் போடுவது மாதிரி. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள்.

இந்தத் தடவை வழி வேறு. மெயின் ரோடே கிடையாது. காலேஜ் பின்பக்கத்துச் சந்துகளில் புகுந்து லால்பாக் மேற்கு வாசல். உள்ளே கண்ணாடி மாளிகையைத் தாண்டி டபுள் ரோடு வாசல் வழியாக வெளியே. அங்கிருந்து சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டு பக்கம். அதற்குப் பின்னால் ஒரு சந்தில், ஹெல்மெட் அங்கிளின் வீடு. அவர்கள் கன்னடக்காரர்கள். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும், "பன்னி, பன்னி", அதாவது வாங்க வாங்க, என்று உள்ளே கூப்பிட்டு, மோரும், வளையல் மாதிரி சுற்றிப் பொரித்த கோடுபளேயும் கொடுத்தார். நான் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டேன். அப்பா அந்த ஆன்ட்டியிடம் கன்னடத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் அக்காவின் தலையில் கை வைத்து, எப்போது வேண்டுமானாலும் வா, கதவு திறந்தே இருக்கும் என்றார். கோடுபளேக்காக ஒருவர் இவ்வளவு சொல்ல வேண்டுமா என்று எனக்கு ஆச்சரியம். அங்கிருந்து லாங்ஃபோர்டு டவுன் வழியாக, ஓசூர் ரோட்டைத் தாண்டினால் எங்கள் ஏரியா.

அக்கா வழியைக் குறித்துக்கொள்ளப் பேனா எடுத்தபோது அப்பா தடுத்தார். "பேப்பரெல்லாம் வேணாம். கால் ஞாபகம் வச்சுக்கும்."

அன்றைக்குத்தான் அந்த ஆட்டமும் ஆரம்பித்தது. காலேஜ் வாசலிலிருந்து எங்கள் வீட்டு கேட்டைத் தொடுகிற வரைக்கும் கன்னடத்தில்தான் பேச வேண்டும். ஒரு வார்த்தை தமிழ் வந்தாலும் அவுட். கன்னடம் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில், கடையில், தெருவில் எல்லாம் அதுதான். ஆனால் அப்பா சும்மா விடமாட்டார். பின்னாலிருந்து திடீரென்று தோளைப் பிடித்து உலுக்குவார். நான் "ஐயோ, என்னப்பா!" என்று கத்தி அவுட் ஆவேன். அணில் ஓடினால் அவுட். கல் தடுக்கினால் அவுட். அந்தக் கோடையில் நான் அவுட் ஆகாமல் வீடு வந்து சேர்ந்த ஞாயிறே இல்லை. அக்கா ஒரு தடவைகூட அவுட் ஆகவில்லை. எத்தனை உலுக்கினாலும், "ஏனு அப்பா?" என்று கன்னடத்தில்தான் திரும்புவாள். அப்பா முகத்தில் அப்போது வருகிற நிம்மதி எனக்குப் பொறாமையாக இருக்கும். அவளை மட்டும் மெதுவாக உலுக்குகிறார் என்று அம்மாவிடம் புகார்கூடச் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "நீயும் நல்லா பழகு" என்றாள்.

ஒரு வழியாக அப்பா சரி என்றார். அக்கா எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்தாள். முதல் நாள் கிளம்பும்போது மாமா மறுபடி ஆரம்பித்தார், ராகிங் வந்தால் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று. அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மொத வாரத்துலயே காலேஜ் பக்கத்துல வீடு இருக்கற பொண்ணு ஒருத்திய சிநேகம் புடிச்சுக்கோ. அவங்க வீட்டுக்கு ஒரு தடவ போய்ட்டு வா. அவங்கம்மாவுக்கு உன் மொகம் தெரியணும்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். காலேஜில் சேருகிறவளுக்குச் சொல்லுகிற புத்திமதியா இது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நடைகள் நின்றுபோயின. கோடுபளேயும் நின்றுபோயிற்று. அது எனக்கு ரொம்ப வருத்தம்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஊரில் மறுபடி கலாட்டா ஆகப்போகிறது என்று ஒரு பேச்சு, யார் கிளப்பிவிட்டார்களோ. கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. பஸ்கள் டிப்போவுக்குத் திரும்பிவிட்டன. அப்பாவுக்கு அன்று காலை ஷிஃப்ட், முடித்து வந்து வீட்டில்தான் இருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். மறுபடி போனார். "போய்ப் பாருங்களேன்" என்றாள் அம்மா. "நான் ஒரு பக்கம் போயி, அவ ஒரு பக்கம் வந்தா?" என்றார் அப்பா.

கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு மைதானத்து மூலைக்கு வந்து நின்றார். தினமும் பந்து உதைக்கிற பையன்கள் ஒருவரும் இல்லை. மைதானம் முழுக்க எனக்கே எனக்கு என்று நான் ஓடினேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். விரல் வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். வெயில் தணிந்து, நிழல் நீண்டு, எனக்குப் பசி எடுத்துவிட்டது. அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அக்கா வந்தாள். தனியாக இல்லை. ஹெல்மெட் அங்கிளின் மனைவி அவள் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் சாவகாசமாகக் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த போஸ்ட்மேன் செருப்பு முழுக்க லால்பாக் சேறு. நான் முதலில் ஆன்ட்டியின் கையைத்தான் பார்த்தேன். வெறுங்கையோடு வந்திருந்தார்.

அப்பாவைப் பார்த்ததும் அக்கா அப்படியே நின்றாள். உதடு கோணியது.

"காலு ரொம்ப வலிக்குதுப்பா" என்றாள்.

எத்தனையோ ஞாயிறுகள் காத்திருந்தவள் நான். குதித்துக்கொண்டு கத்தினேன். "அக்கா அவுட்! அக்கா அவுட்!"

யாரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அக்காவின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இல்ல கண்ணு. வீட்டுக்கு வந்தாச்சு. இனிமே பேசலாம்" என்றார்.

மறுநாள் பேப்பரில், ஊரில் எங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் போட்டிருந்தது. எனக்கு அதில் எல்லாம் அக்கறை இல்லை. வீட்டு கேட்டைத் தொட்டால்தான் ஆட்டம் முடியும் என்று விதி போட்டவர் அப்பா. நாங்கள் நின்ற மைதானத்து மூலையிலிருந்து கேட்டுக்கு இன்னும் ஒரு சந்து முழுசாகப் பாக்கி இருந்தது. அக்காவுக்காக அப்பா அழுகுணி ஆட்டம் ஆடிவிட்டார் என்று, அன்று சாப்பிடக்கூட மாட்டேன் என்று, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.