அடுப்புக்கு மேல் கட்டிய கொடி

காபிக்கறைக்குச் சலவை சோடா போட்டதும் எழுந்த வாடையில் இன்று துவைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏற்காட்டு ஏரிக்கரையில் படமெடுத்துப் பிழைத்த அப்பா, சன்னலைக் கம்பளியால் மூடிக்கொண்டு, கடை மருந்துக்குப் பதிலாகக் காபித்தூளும் சோடாவும் கரைத்து பிலிம் கழுவும்போது வரும் வாடை அது. அன்று அவர் கழுவியது, காய்ச்சலில் இறந்துபோன தம்பியின் ஒரே படம். கதவுக்கு வெளியே அம்மா உட்காருவதும் எழுவதுமாக, "ஏனுங்க, பையன் மொகம் தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத் தெரியுது புள்ள. காயட்டும்."

பனிமூட்டம் போட்ட நாள்களில் எங்கள் துணியெல்லாம் அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில்தான் காயும். பொறுக்கமாட்டாத அம்மா பிலிமையும் அதிலேயே தொங்கவிட்டாள். சூட்டில் இளகி, தம்பியின் முகம் வழிந்துபோயிற்று.

அதன்பின் அம்மா அந்தக் கொடியில் எதையும் போடவில்லை. மூட்டக் காலம் முழுக்க ஈரப் பாவாடையோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.