கால் கிலோ புளி

என் வேட்டியைப் பார்த்துத்தான் அந்தப் பெண் வந்திருக்க வேண்டும். நீலத் தலைமுடி, தோளில் தெர்மாகோல் வாள், பாதி முகத்துக்கு வெள்ளிச் சாயம். "அங்கிள், நீங்க எந்த கேரக்டர்? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றாள். சென்னையில் அந்தப் பெரிய கண்காட்சிக் கூடத்துக்குள் நான் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சுற்றிலும் முகமூடி போட்டவர்களும் முதுகில் சிவப்புத் துணி பறக்கவிட்டவர்களும் சர்வ சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக நின்ற நான்தான் அங்கே வேஷக்காரன். கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறேன் என்றேன். அதுவும் ஏதோ ஒரு படக்கதை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, "செம அங்கிள்" என்று பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். ஊருக்குத் திரும்பியதும் கடைக்கு வருகிற ஒருத்தர் விடாமல் சொல்லி என் மானத்தைக் கப்பலேற்றியிருப்பான்.

அவன் கள்ளக்குறிச்சி கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தவன். ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்கு நண்பன். காமிக்ஸ் பைத்தியம் எனக்கு அவனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இந்தக் காமிக்ஸ் திருவிழாவைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, ஒரு வருடமாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வருடம் நோன்பு குறுக்கே வந்தது. ஒரு வருடம் அவன் அத்தாவுக்கு, அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், கண் ஆபரேஷன். மற்ற வருடங்களில் எந்தக் காரணமும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடினால் கருணாபுரத்து ஆட்கள் எல்லாம் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார்கள் என்பான், அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நீ செத்தாலும் அந்தக் கல்லாவுலதான்டா சாவ" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். போன ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடித்து வந்து கடையில் உட்கார்ந்தவன் அப்படியே கல்லாவின்மேல் சரிந்துவிட்டான். என் வாயைத் தைத்துப் போட்டிருக்கலாம்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் அவன் மனைவி என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அவனுடைய சேகரிப்பில் இல்லாத காமிக்ஸ்களின் பட்டியல், பதினான்கு பெயர்கள், எல்லாம் அவன் கோணல் எழுத்தில். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். பதினான்கையும் தேடிப் பிடித்து அவன் பீரோவில் அடுக்கிவிட வேண்டும். செத்தவனுக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. அதோடு, பட்டியலில் இல்லாத பதினைந்தாவது புத்தகம் ஒன்றும் எனக்கு வேண்டியிருந்தது. அதை அவன் எழுத மறந்துவிட்டான் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிட முக்கியமான புத்தகம் கிடையாது. அதை எப்படி மறந்தான் என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

எனக்குப் பதினோரு வயதாகும்போது, கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி ஒன்று வெள்ளிமலைச் சாலையில் ஒரு வளைவில் கவிழ்ந்தது. மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வந்த என் அப்பாவைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு நினைவு திரும்பவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். என்னை அவன் வீட்டில் விட்டிருந்தார்கள்.

அவன் அத்தா பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார். அந்தக் கட்டுகளில் காமிக்ஸ் வந்தால் முதலில் அவன் கைக்குப் போகும். அந்த வாரம் வந்த புத்தகத்தின் அட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மலை. எங்கள் பள்ளிக்கூட மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மலையைப் போலவே இருந்ததால் கல்வராயன்தான் அது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். ஒரு வீரனும், அவனுக்கு வழிகாட்டி வருகிற நொண்டிக் கிழவனும் பழைய சுரங்கம் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். சுரங்கம் இடிந்துவிடுகிறது. வீரன் கயிற்றில் ஏறிப் பள்ளத்தின் விளிம்பை நெருங்கிவிடுகிறான். கிழவன் பாதிப் பள்ளத்தில் அதே கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான். அந்த இடத்தில் நான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கம் இல்லை. கடைசித் தாளைக் காணவில்லை.

அந்தக் கிழவன் பிழைத்தானா இல்லையா என்பது அன்றைக்கு எனக்கு எப்படிப்பட்ட கேள்வி என்று இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கும். கிழவன் பிழைத்தால் அப்பா பிழைப்பார் என்று எனக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. கிழவன் என்ன ஆனான் என்று மட்டும் கேட்டேன்.

"பொழச்சிக்கினான்டா. நான் காலையிலயே படிச்சிட்டேன். ரெண்டு பேரும் கயித்தப் புடிச்சிக்கினு மேல வந்துடறாங்க. அந்தப் பேப்பர்ல எங்கத்தா கால் கிலோ புளி கட்டிட்டாரு."

அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அப்பா இறந்துபோனார்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் அவனோடு பேசவில்லை. கதையில் வருகிற கிழவனெல்லாம் பிழைத்துக்கொள்கிறான், என் அப்பா மட்டும் பிழைக்கவில்லை என்று ஒரு வீம்பு. அவனும் எதுவும் கேட்காமல் தினமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடையிலேயே வேலைக்கு அனுப்பினார். பத்தாம் வகுப்பு முடிக்கிறவரை, ஐந்து வருடம் அங்கே பொட்டலம் மடித்தேன். ஊரே அவன் அத்தாவை பாய் என்று கூப்பிடும். நான் எப்போதிருந்து அவரை அத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. என் கதையின் முடிவில் புளி கட்டியவர் என்று அவரைக் கிண்டல் செய்வது மட்டும் நிற்கவே இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் கடைக்குப் போனால் "இன்னைக்கு எந்தக் கதைய மடிச்சீங்க அத்தா" என்பேன். அவர் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து நீட்டுவார்.

தேனும் கடுக்காயும் வாங்க அவன் மலைக்குப் போகும்போது நானும் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அந்த வளைவு வந்தால் போதும், ஏதாவது ஒரு கதையைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். மஞ்சள் மலைக் கதையை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் புத்தகம் எங்கேயாவது கிடைக்குமா என்று நான் கேட்டால், அது அச்சிலேயே இல்லை, தேடாதே என்பான்.

திருவிழாக் கூடத்தின் கோடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், தமிழ்க் காமிக்ஸ்காரர்களுக்கு நாலு மேஜை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே வாளும் இல்லை, முகமூடியும் இல்லை. மஞ்சள் பையோடு என் வயசு ஆட்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டியல். இங்கே நிற்க வேண்டியவன் அவன். நான் இவர்களுக்கு நடுவில் திருடன் மாதிரி நின்றேன். இரண்டு மேஜைகளில் தேடி, பட்டியலில் இருந்த மூன்று புத்தகங்கள் கிடைத்தன. நாலாவது மேஜையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அந்த மஞ்சள் மலை இருந்தது.

அது விற்பனைக்கு அல்ல, பார்க்கத்தான் என்றார் மேஜைக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம். கடைசிப் பக்கத்தை மட்டும் ஒருதரம் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கிழவன் பிழைக்கவில்லை. இரண்டு பேரின் எடையைக் கயிறு தாங்காது என்று தெரிந்ததும், இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துத் தானே கயிற்றை அறுத்துக்கொள்கிறான். கடைசிக் கட்டத்தில் வீரன் தனியாக மலையிறங்குகிறான். பின்னால் இரண்டு கோவேறு கழுதைகள், ஒன்றின் முதுகு காலியாக இருக்கிறது. முற்றும்.

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். நாற்பத்தைந்து வயசு ஆம்பளை, வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும்? பின்னால் மேடையில் வேஷப் போட்டிக்குப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கைத்தட்டல். அந்த ரயில்வேக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, உங்களுக்கு அவ்வளவு வேண்டியதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எனக்குச் சட்டைப்பையில் இருந்த பட்டியல் ஞாபகம் வந்தது. அவன் அதை மறக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வேண்டாங்க என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பஸ் உளுந்தூர்பேட்டையில் அரைமணி நேரம் நின்றது. எலவனாசூர்கோட்டை தாண்டுகிறவரை எனக்கு ஒரே யோசனை. முடிவைத்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறான். பாவம், அந்த நேரத்தில் அவனுக்கும் பதினோரு வயசுதானே. தாள் புளிக்குப் போனது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். மகன் போன பிறகு அத்தாதான் மறுபடி கல்லாவில் உட்காருகிறார். எண்பது வயசு. கண்ணும் சரியாகத் தெரியாது. தராசு முள்ளைத் தடவிப் பார்த்துத்தான் எடை போடுகிறார். மூன்று புத்தகங்களையும் அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மஞ்சள் மலையைப் பார்த்ததையும், கிழவன் செத்துப்போனதையும், உங்கள் மகன் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறான் என்பதையும் சொன்னேன். நீங்கள் புளி கட்டியதால் அவன் தப்பித்தான் என்று, பழக்கதோஷம், அந்தக் கிண்டலையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொஸ்தகம் எத்தினி பெருசு இருந்திச்சி?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவருக்குக் கண் தெரியாதே என்று, அவர் கையைப் பிடித்து என் கையின்மேல் வைத்தேன்.

"இத்தினூண்டு காயிதத்துல கால் கிலோ புளி நிக்குமாடா?"

கால் கிலோ புளிக்கு அரைத்தாள் செய்தித்தாள் வேண்டும். புளி கசியும் என்பதால் அதையும் இரண்டாக மடிக்க வேண்டும். அந்த உள்ளங்கைத் தாளில் ஒரு தாளிப்புக்கான கடுகை மடிக்கலாம், அவ்வளவுதான். இது தெரியாதவனா நான்? ஐந்து வருடம் இதே இடத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் புளிப் பொட்டலம் கட்டியவன். அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட முப்பது வருடம் அந்த மனுஷனைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"அடுப்பாண்ட நின்னுக்கினு அவன்தான் கிழிச்சான். இன்னாடா பண்றன்னு கேட்டேன். அவங்கப்பா வூட்டுக்கு வர்ற வரிக்கும் அவனுக்கு இது தெரிய வேணாம் அத்தா, யாரும் சொல்லாதீங்கன்னான். அதான் புளி என் தலையில. இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

கருணாபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து நூறு துவரம்பருப்பு கேட்டார். அத்தா எழுந்திருக்கத் தடுமாறியதால் நான் உள்ளே போய் நிறுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் போன பிறகும் தராசைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்பா வீட்டுக்கு வருகிறவரை சொல்ல வேண்டாம் என்றிருக்கிறான். என் அப்பா வரவே இல்லை. அதனால் அவனும் சொல்லவே இல்லை.