எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத கார்

கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வெட்கப்பட்டுப் பார்த்திருக்கிறேன். கார் இருந்ததற்காக வெட்கப்பட்டவள் முதலியார்பேட்டையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மழை நாளில் அப்பா என்னை அந்தக் காரில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனால், பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பி வாசலையே மறைத்துவிடும். கொசு மருந்து வந்துடுச்சு என்று என் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அடுத்த மழைக்குத் தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொல்லி, மிச்ச தூரம் நனைந்துகொண்டே போனேன். ஏன் என்று அப்பா கேட்கவில்லை.

உண்மையில் அது எங்கள் கார் இல்லை. சித்தப்பாவுடையது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து பாரீசுக்குப் போனவர் அவர். முதல் விடுமுறைக்கு வந்தபோதே, ஊரில் ஒரு டாக்டர் வைத்திருந்த அந்த வண்டியை வாங்கிவிட்டார். கருநீல நிறம், தாழ்வான நீள உடம்பு, டர்போ வைத்த பெட்ரோல் என்ஜின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். டாக்டர் ஓட்டியது போக, சித்தப்பா வருஷா வருஷம் ஜூலையில் வந்து கொடைக்கானல், கன்னியாகுமரி, பெங்களூர் என்று விரட்டினார். அவர் இல்லாத மாதங்களில் அப்பா சொந்தக்காரர்களைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதுமாக ஓட்டினார். மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய அன்று வீட்டில் கேசரி செய்யச் சொன்னார். அம்மா செய்யவில்லை.

வேலை பார்த்த மில் மூடிய பிறகு அப்பாவுக்கு ஒரு டைல்ஸ் கடையில் மேற்பார்வை வேலை. அதற்குத் தன் மொபெட்டில்தான் போவார். ஆனால் தினமும் காலையில் காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகி, ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு, அதன் இருமல் அடங்கும்வரை இறங்கமாட்டார். அதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அம்மாவுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் ஆகாது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் ரெண்டு பழம் கொறச்சிதான் குடுப்பான் என்பாள். நானும் அவள் கட்சி. என் தோழி வீட்டில் குட்டியாக ஒரு புதுக் கார் வந்திருந்தது. சத்தமே இல்லாமல் வரும், புகை கிடையாது, உள்ளே புது செருப்புக் கடை வாசனை.

அரியாங்குப்பத்து மெக்கானிக் வேறு கதை சொன்னார். அவருடைய ஷெட்டுக்கு நானும் அப்பாவோடு போயிருந்தேன். பிஸ்டன் ரிங்கும் டர்போவும் தேய்ந்துவிட்டன, அதனால்தான் ஆயிலைக் குடிக்கிறது, காலையில் மக்கர் செய்கிறது, மற்றபடி என்ஜினும் பாடியும் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். ரிங் செட்டும் ஒரு டர்போவும் கிடைத்தால் பிரித்துப் பூட்டிவிடலாம், இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆனால் அந்த மாடல் நம் நாட்டில் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டதால் பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். திரும்பும்போது அப்பா சீட்டி அடித்தார். பாலத்து நெரிசலில் எங்கள் புகையைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் கண்ணாடியைத் தட்டித் திட்டிவிட்டுப் போனார். அப்பா சீட்டியை நிறுத்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சித்தப்பா வந்து மூன்று வருஷமாகியிருந்தது. அந்த அக்டோபரில் தூசேன் விடுமுறைக்கு வருவதாகப் போன் செய்தார். அங்கே கல்லறைத் திருநாளுக்கு விடும் அந்த லீவும் எங்கள் ஆயுத பூஜையும் அந்த வருஷம் ஒட்டி வந்தன. பாரீசிலிருந்து ஒருத்தர் வருகிறார் என்றால் சொந்தத்தில் ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள், சென்ட்டு, சாக்லேட், ஒயின் என்று. அப்பா மட்டும் எதுவும் கேட்டதே கிடையாது. முதல்முறையாக அவர் போனை வாங்கி, ரிங் செட்டின் பெயரையும் டர்போவின் பெயரையும் எழுத்தெழுத்தாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

சித்தப்பா மட்டும் தனியாக வந்தார். அன்று சாயங்காலம் கூடத்தில் பெட்டியைத் திறந்தார். எனக்கு சாக்லேட் டப்பா, அம்மாவுக்குக் கைப்பை, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சென்ட்டு. அப்பா உட்காரவில்லை. வாசற்படியில் நின்று, பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அடிவரைக்கும் துணிதான் இருந்தது. கடைசியில் அப்பாவுக்கு என்று ஒரு ஸ்வெட்டர் வந்தது. எங்கள் ஊரில் ஸ்வெட்டர்!

"அண்ணா, அந்தப் பாட்ஸ் வாங்கத்தான் போனேன்," என்றார் சித்தப்பா. "அந்த வெலைய இங்க புது வண்டிக்கே முன்பணமா கட்டிடலாம். பழச வச்சினு எதுக்கு மாரடிக்கிற? ஒனக்கே ஒனக்குன்னு புதுசு ஒண்ணு எடுத்துத் தரேன். இத தள்ளிடலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. செவப்பு கலர் எடுங்க சித்தப்பா என்று கத்தினேன். அம்மா என்னை அடக்கினாள், ஆனால் அவள் முகத்திலும் சிரிப்பு. அப்பா ஸ்வெட்டரை மடித்து மடித்து ஒரு கைக்குட்டை அளவுக்கு ஆக்கிவிட்டார்.

"இது ஓடும்டா. மெக்கானிக்கே சொல்றாரு," என்றார். "பூஜ அன்னிக்கி நீயே ஓட்டிப் பாரு. ஓட்டிப் பாத்துட்டு, அப்புறமும் வேணாம்னா தள்ளிடலாம்."

சித்தப்பா சரி என்றார். ஆக, ஆயுத பூஜை அன்று கார் ஒழுங்காக ஓடினால் அது தங்கும், இல்லாவிட்டால் போகும். அது ஓடக்கூடாது என்று நான் மணக்குள விநாயகரை வேண்டிக்கொண்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் முழுக்க அப்பா காரைக் கழுவித் துடைத்தார். டயருக்குக்கூடப் பாலிஷ் போட்டார். மறுநாள் தெருவே வண்டிகளோடு வாசலில் நின்றது. பைக், ஆட்டோ, எதிர்வீட்டுத் தண்ணி லாரி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் பொட்டும் மாலையும். அம்மா எங்கள் காருக்கும் பொட்டு வைத்து, நாலு சக்கரத்தின் அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் காட்டியதும் வண்டி முன்னால் நகர்ந்து அந்தப் பழங்களை நசுக்கவேண்டும். அப்படியே கோயிலை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும்.

அப்பா சாவியோடு வந்தார். ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிட்டு நிறுத்திடறேனே என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். பொட்டு வெச்சப்புறம் கற்பூரம் காட்டாம சாவிய தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்தக் காருக்குத் தினமும் கால் மணி நேரத் தாஜா தேவை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பக்கத்தில் சித்தப்பா நின்றதால் அதை வாய்விட்டுச் சொல்ல அப்பாவால் முடியவில்லை. சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டார்.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. சித்தப்பா சாவியைத் திருகினார். கார் இருமியது. மறுபடி திருகினார். கொஞ்சம் புகை வந்தது, அதுவும் நின்றது. பேட்டரி தீரும்வரை திருகினார். பிறகு டக் டக்கென்ற சத்தம் மட்டும் வந்தது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. இன்னா, பாரீஸ் வண்டிக்கு நம்ம ஊரு எலுமிச்சம்பழம் ஒத்துக்கலியா என்று தண்ணி லாரிக்காரர் கேட்டார்.

பழத்தை நசுக்காமல் விடக்கூடாது என்று யாரோ சொல்ல, நாலு பேர் பின்னால் வந்து தள்ளினார்கள். அப்பா நடுவில். சக்கரம் பழத்தில் பாதி ஏறும், பின்னால் சரியும். மூன்றாவது தள்ளலில் அப்பாவின் கால் பூசணிக்காயில் வழுக்கியது. புது வேட்டியோடு குங்குமச் சேற்றில் முழங்கால் போட்டு விழுந்தார். ஒரு பழம் நசுங்காமல் உருண்டு சாக்கடைக்குள் போனது. எதிரே என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நின்றிருந்தார்கள். நான் உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த நிமிஷம் அவர் என் அப்பாவே இல்லாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன். வேண்டிக்கொண்டது பலித்துவிட்ட சந்தோஷம் அப்போது எனக்கு வரவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது, நீ சொன்ன மாதிரியே செஞ்சிடு என்று அப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சித்தப்பாவிடம் சொன்னார். சந்தோஷம் அப்போதுதான் வந்தது. சாம்பார் சிந்த எழுந்து குதித்தேன். அதை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

ஒரே வாரத்தில் சிவப்புக் கார் வந்தது, அப்பா பேரில். பழையதை விழுப்புரத்துக்காரர் ஒருவர் கட்டி இழுத்துப் போனார். அப்பா அது போகும்போது தெருமுனைவரை பின்னாலேயே நடந்தார், எங்கேயாவது இடிக்கப்போகிறார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு.

சித்தப்பாவை விமான நிலையத்துக்குப் புதுக் காரில்தான் கூட்டிப்போனோம். பழைய வண்டியில் ஸ்டியரிங்கை யாருக்கும் விடாதவர் அன்று பின் சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்து, வழி முழுக்கப் போன் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் அப்பாவுக்குக் கை கொடுத்தார். எனக்குக் கன்னத்தில் முத்தம். அடுத்த ஜூலைக்கு வந்துடுவேன் என்றார். அதன் பிறகு அவர் வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் பல ஜூலைகள் கழித்து. கடற்கரைச் சாலை ஹோட்டலில் தங்கி, வாடகைக் காரை வாசலில் நிற்கவைத்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனார்.

அன்று விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது முன் சீட் எனக்கு. மாமல்லபுரம் தாண்டியும் அப்பா ஒருவாட்டிகூடச் சீட்டி அடிக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு அழகான காரை வாங்கிக்கொடுத்தும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எப்படி? புது வண்டி ஒனக்குப் புடிக்கலியாப்பா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "வீட்டுல அவன் பங்க எப்பவோ எழுதிக் குடுத்துட்டான். இந்த ஊர்ல அவன் பேர்ல இருந்தது அந்த வண்டி ஒண்ணுதான்."

"அதனால இன்னாப்பா? நமக்குத்தான் புதுசு வந்துடுச்சே."

ஆமாம் என்றார். வெயில் என் பக்கம் அடித்தது. ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.