என் கைகளுக்கு நான் அஞ்சிய மாதங்கள்

கிணற்றடியில் குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலில் அந்த எண்ணம் வந்தது. இந்தக் கைகள் இவளைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டால்?

பாதிக் குளியலிலேயே குழந்தையைத் துணியில் சுற்றி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்றேன். உண்மையில் தலை தெளிவாகத்தான் இருந்தது. என்னைப் பயமுறுத்தியதே அந்தத் தெளிவுதான்.

பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்காவது இப்படி வந்து, வெளியே சொல்ல முடியாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தால், அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீடு எங்களுடையது. கணவர், அவருடைய தாயார், நான் என்று மூன்று பேர். காமாட்சி எங்கள் தலைச்சன். கோயில் கோயிலாக வேண்டிப் பெற்றவள். அவளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். நிறைந்த அடுத்த கணமே அந்த எண்ணமும் வரும்.

அரிவாள்மனையைக் கண்டால் வரும். அடுப்பைக் கண்டால் வரும். பால் கொடுக்கும்போது மாமியாரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். குழந்தையைக் குளிப்பாட்டுவதை விட்டேன், தூக்குவதையும் மெல்ல விட்டேன். "பெத்தவளுக்குப் புள்ள மேல ஆசையே இல்லியே" என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது.

உடல் இளைத்தது. தூக்கம் போயிற்று. கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிரசவ ஜன்னி (பிள்ளை பெற்றபின் வரும் கடுங்காய்ச்சல்) இல்லை, சோகைதான் (இரத்தம் குறைந்து உடல் வெளுப்பது) என்று சொல்லி இரும்பு மருந்து கொடுத்தார்.

"மனசுக்கு எப்படி இருக்கும்மா? ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார்.

பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மருந்து உடம்புக்குத் தெம்பு கொடுத்தது. பயம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால், தெம்பு வந்த கைகளைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் பூக்களைக் கொண்டு மனக்கலக்கத்துக்கு வைத்தியம் செய்யும் ஒருவர் இருந்தார். கணவரோடு தறி நெய்பவருக்கு வந்த படபடப்பை அவர் குணப்படுத்தியிருந்தார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் முறங்களில் வகைவகையாகப் பூ நிழலில் காயும். நோயைவிட நோயாளியின் சுபாவத்தைத்தான் அவர் அதிகம் விசாரிப்பார். கோபத்தில் கொதிப்பவருக்கு ரோஜா இதழ், துக்கத்தில் சோறு இறங்காதவருக்கு மகிழம்பூ, வெளியே ஒன்றைக் கண்டு நடுங்குபவருக்குச் செம்பருத்தி, தன் நினைப்பையே கண்டு நடுங்குபவருக்கு வெண்தாமரை. இது அவருடைய முறை.

"எதைக் கண்டு பயம்மா?" என்று கேட்டார்.

"இருட்டக் கண்டா" என்று பொய் சொன்னேன்.

செம்பருத்திக் கஷாயம் கொடுத்தார். சிவந்த நீர். தினமும் குடித்தேன். இருட்டுக்கு நான் என்றுமே பயந்ததில்லை. ஆகவே, அது எதைத்தான் குணமாக்கியிருக்கும்?

ஒரு பகலில் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். கணவர் தறிக்குப் பாவு நூல் வாங்கப் போயிருந்தார். தூளியில் குழந்தை அழ ஆரம்பித்தது. பசி அழுகை. என் மார்பிலிருந்து பால் தானாக வடிந்தது. தூளியை நோக்கி ஓரடி வைத்தேன். எண்ணம் வந்தது. இந்த முறை அது நகரவே இல்லை. வீட்டில் நானும் அவளும் கிணறும் மட்டும் இருந்தோம்.

வெளியே ஓடி, கதவைச் சங்கிலி போட்டுவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே குழந்தை வீறிட்டது. அக்கம்பக்கத்தார் கூடினார்கள். யாரையும் கதவைத் திறக்க விடவில்லை. திறந்தால் என்னையும் உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயம்.

கணவர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னா ஆச்சு? சொல்லு. இன்னா ஆச்சு?"

"என் கை அவள கெணத்துல போட்டுடும்போல இருக்குதுங்க. என்ன உள்ள விடாதீங்க."

கோயிலிலிருந்து திரும்பிய மாமியார் அதைக் கேட்டபடி நின்றிருந்தார். பிறகு சங்கிலியை எடுத்துவிட்டு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாளே அவர் குழந்தையை வாலாஜாபாத்தில் இருக்கும் தன் மகளிடம் கொண்டுபோனார். நாத்தனாருக்கும் கைக்குழந்தை உண்டு, பால் உண்டு. போகுமுன் என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுகக் கட்டினார். "பால் வத்திடும். அப்பறம் வலி இருக்காது" என்றார். அவர் குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என்னிடமிருந்து அவள் தப்பிவிட்டாள் என்று இருந்தது.

பிறகு மார்பு கல்லாய்க் கனத்தது. மெல்ல மெல்ல அந்தக் கனமும் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் புரிந்தது. பால் நின்றுவிட்டால், அவளைத் திருப்பிக் கேட்க என்னிடம் ஒரு காரணமும் இருக்காது. மார்பில் கட்டிய துணியைப் பிய்த்து எறிந்தேன். வாடிப் பழுப்பேறிய மல்லிகை தரையெல்லாம் சிதறியது.

"வைத்தியர்கிட்ட போலாங்க. அவருகிட்ட நெசத்த சொல்லணும்" என்றேன்.

இந்த முறை எல்லாம் சொன்னேன். வைத்தியர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் இரண்டே கேள்விகள் கேட்டார்.

"அந்த நெனப்பு வரசொல்ல மனசு எப்படி இருக்குதும்மா?"

"செத்துடலாம்போல இருக்குதுங்க."

"செய்யி செய்யின்னு கொரல் எதனா கேக்குதா?"

"இல்லீங்க."

பெருமூச்சு விட்டார். "அப்ப கொழந்தய உங்கிட்டருந்து பிரிச்சிருக்கக் கூடாது. பாசம் இருக்கிறதாலதான் இப்படி நடுங்குற. ஆனா ஒண்ணு, கொரல் கேட்டா என் பூவ நம்பிக்கினு இருக்காத. டாக்டரம்மாகிட்ட ஓடு." பிறகு கணவரிடம் திரும்பி, "தனியா விடாதப்பா. ஆனா கொழந்தைய அவ கையிலதான் குடுக்கணும்" என்றார்.

வெண்தாமரை இதழ்களைக் காய்ச்சிப் பாலும் பனங்கற்கண்டும் சேர்த்துக் குடிக்கச் சொன்னார்.

நாங்கள் வாலாஜாபாத்துக்குப் போனபோது, அங்கேயே தங்கியிருந்த மாமியார் குழந்தையைத் தர மறுத்தார். "கொழந்தைக்கு எதனா ஆச்சின்னா?" என்று அழுதார்.

"ஆவாதும்மா. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார் கணவர். தாயை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது ரயிலில் குழந்தை என் மடியில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. வியர்த்துக் கொட்டியது. "இப்ப வருதுங்க" என்றேன்.

"வரட்டும்" என்றார். குழந்தையை வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னலையும் மூடவில்லை. என் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ரயில் ஓடியது. காஞ்சிபுரம் வந்தது. அவள் என் மடியிலேயே தூங்கியிருந்தாள்.

அதோடு தீர்ந்துவிடவில்லை. பால் பாதிதான் திரும்பியது. எண்ணமும் வந்துகொண்டுதான் இருந்தது. வரும்போதெல்லாம் கணவரிடம் சொன்னேன். சொன்ன பிறகு அதன் பிடி சற்றுத் தளர்ந்தது. டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. பல தாய்மாருக்கு வருவதுதான், யாரும் வாய் திறப்பதில்லை என்றார். குணப்படுத்தியது தாமரையா, இரும்பு மருந்தா, பேச்சா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்றையும் விடாமல் செய்தேன்.

காமாட்சி இப்போது தெருவில் ஓடுகிறாள். நான் மறுபடி பிள்ளைத்தாச்சி. முன்பெல்லாம் உடம்பைப் பற்றி நினைக்காமலே வேலை செய்வேன். இப்போது ஒரு குடத்தைத் தூக்கும்போதும் கைகள் கண்ணில் படுகின்றன. மற்றவர்கள் பிரசவத்துக்கு நாள் எண்ணுகிறார்கள். என் மனமோ அதைத் தாண்டிய வாரங்களில் போய் நிற்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அத்த, அது திரும்ப வந்தாலும் வரும்."

முறம் நின்றது. அவர் அதைக் கீழே வைத்தார்.

"வந்தா சொல்லு. இந்தக் கொழந்தய நான் எங்கியும் எடுத்துக்கினு போவ மாட்டேன்."

வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. அவர் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.