ராசுவின் நெஞ்சில் தடவிய எண்ணெய்

நீர் சொன்ன எண்ணெய்தான் என் பறவையைச் சாகக் கிடத்தியது. ஃபேஸ்புக்கில் பறவை வளர்ப்புப் பக்கம் நடத்துகிற உம்மைத்தான் சொல்கிறேன். பெயரை எழுதவில்லை. உமக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன். ராசு ஒரு பட்ஜி. கொழும்பில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்பார்கள். பச்சை உடம்பு, மஞ்சள் முகம். கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் அவன் கூடு யன்னலோரம் தொங்கியது. கீழே பஸ் ஹோர்ன் அடித்தால் அவனும் பதிலுக்குக் கத்துவான். போன வருடம் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டுக்கு மாறினோம். யன்னலடியில் என் தையல் மெஷினைப் போட்டேன். கூட்டைச் சுவர்ப் பக்கம் வைத்தேன்.

மாறி வந்த மூன்றாம் கிழமை கூட்டுக்கு அடியில் இறகுகள் கிடந்தன. இறகு உதிர்க்கும் காலம் என்று கூட்டித் தள்ளினேன். பிறகு ஒரு காலை, நெஞ்சில் பெருவிரல் நகமளவு வெறும் தோல். நான் பார்த்துக்கொண்டிருக்கவே குனிந்து ஒரு இறகைப் பிடுங்கினான். வலியில் கத்தினான். கத்திவிட்டு அடுத்ததைப் பிடுங்கினான்.

எங்களோடு இருக்கிற மச்சாள், என் கணவரின் அக்கா, நாவூறு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக் கூட்டை மூன்று தரம் சுற்றி, பக்கத்திலேயே சட்டியில் போட்டு எரித்தார். நாங்கள் இருவரும் இருமினோம். ராசு வாயைத் திறந்து, வால் ஆட ஆட மூச்செடுத்தான்.

“நெடி வருகுது. அப்ப நாவூறு இல்லை,” என்றார் மச்சாள்.

நான் தடுக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். பறவைக்குப் பக்கத்தில் எந்தப் புகையும் போடாதீர்கள்.

அதற்குப் பிறகுதான் உம்முடைய பக்கத்தில் படம் போட்டுக் கேட்டேன். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் காலையும் மாலையும் தடவச் சொன்னீர். தடவினேன். நான்காம் நாள் இறகெல்லாம் ஒட்டி, கூட்டின் தரையில் நடுங்கிக்கொண்டு இருந்தான். எண்ணெயை எடுக்கவென்று இன்னும் பிடுங்கியிருந்தான். என் விரலில் இரத்தம் பட்டது.

சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டு, அவனை உள்ளே விட்டு, மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் நுகேகொடைக்குப் போனேன். அங்கே பறவை பார்க்கிற டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். எண்ணெய் பட்ட இறகு சூட்டைப் பிடித்து வைக்காது, குளிரிலேயே செத்துவிடும் என்றார். இறகில் பேன் இல்லை. இடம் மாறியது, வெளிச்சம் இல்லாதது, தனிமை. அதனால் தொடங்கியிருக்கலாம் என்றார். சில ஃபொலிகிள் (இறகு முளைக்கும் குழி) கெட்டுவிட்டன, அங்கே இனி முளைக்காது.

பிழைப்பானா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். பெருவிரல் ஓரத்தில் நான் தோலை உரித்து உரித்துச் சிவந்திருந்தது.

“அம்மாவும் பிடுங்கிறது தானே,” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். “ஏசினா நிப்பாட்டுமா?”

“இல்லை.”

“அப்ப இவருக்கும் ஏச வேணாம்.”

அவரே இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, துடைத்து, விளக்குச் சூட்டில் வைத்தார். இரண்டு நாள் அங்கே விட்டுவிட்டு வந்தேன். வெறும் கூட்டுக்கு முன்னால் ஒரு சட்டைகூடத் தைக்க முடியவில்லை.

உயிரோடு தந்தார்கள். கூட்டை யன்னலுக்கு மாற்றி, மெஷினைச் சுவர்ப் பக்கம் தள்ளினேன். பொழுதுபட்டதும் துணி போட்டு மூடுகிறேன். கிழித்து விளையாட வல்லாரை கட்டித் தொங்கவிடுகிறேன். மச்சாள் காலையில் பக்கத்தில் இருந்து பேப்பரில் வரும் மரண அறிவித்தல்களைச் சத்தமாக வாசிக்கிறார். அவனும் தலையைச் சரித்துக் கேட்பான்.

“உன்ரை பேர் இல்லை, ராசு. சாப்பிடு,” என்று முடிப்பார்.

வீட்டுக்கு வந்த ஆறாம் கிழமை நெஞ்சில் வெள்ளை முட்கள் போல வந்தன. பின் ஃபெதர் (உறைக்குள் சுருண்டு வரும் இளம் இறகு). தொட்டால் வலிக்கும், தொடாதீர்கள். இப்போது எனக்குக் கிழமையும் திகதியும் அந்த முட்கள்தான். நடுவில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. அங்கே தோலுக்குக் கீழே அவன் இதயம் அடிப்பது தெரிகிறது. எண்ண முடியாத வேகம். என் ஒரு மணித்தியாலத்துக்குள் அவன் எவ்வளவு வாழ்ந்துவிடுகிறான். என் கை பெருவிரலுக்குப் போகிறபோது அதைப் பார்க்கிறேன். சில நாள் கை நிற்கிறது. சில நாள் நிற்பதில்லை.

இதையெல்லாம் உம்முடைய பக்கத்தில் எழுதினேன். அழித்தீர். நேற்றுத் தெமட்டகொடைப் பிள்ளை ஒன்று அதே பக்கத்தில் நீலப் பறவையின் படம் போட்டிருக்கிறது. நெஞ்சில் அதே இடம். நீர் அதே எண்ணெயைச் சொல்லியிருக்கிறீர். நான் தடுக்க எழுதினேன். என்னைப் புளொக் பண்ணிவிட்டீர். அதனால்தான் இதை என் பக்கத்தில் போடுகிறேன்.

அந்தப் பிள்ளை தடவுவதற்கு முன்னால், அதே படத்தின் கீழே, எல்லோரும் பார்க்கப் பதில் எழுதும்: இந்த எண்ணெய் தடவிக் குணமான ஒரு பறவையையாவது நீர் கண்ணால் கண்டீரா?