ஸ்பூன் விழாத அரங்கு

அவளுக்கு மாலை வேலை. பெரிய ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில், காபி மெஷினுக்கும் ஒரு பிளாஸ்டிக் செடிக்கும் நடுவே நின்று வயலின் வாசிக்க வேண்டும். செடிக்காவது அவ்வப்போது தூசி தட்டுவார்கள். இவளுக்கு அதுவும் கிடையாது. மேஜையில் இருப்பவர் யாராவது இவள் பக்கம் திரும்பினால் உப்பு வேண்டும் என்று அர்த்தம். ஒருமுறை நெருப்பு அலாரம் அடித்து, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி, சமையல்காரர் வரைக்கும் வாசலுக்கு ஓடிய பிறகும் இவள் பாட்டை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாளாம். வில்லிலிருந்து சொட்டிய தண்ணீர்கூடத் தாளம் தப்பாமல் சொட்டியதாம். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்லியிருப்பேன்.

கை அப்படிப்பட்ட கை. தட்டும் ஸ்பூனும் மோதிக்கொள்ளும் இரைச்சலில் அந்த வில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு போகும்.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். தெருவில் அவருக்குப் பெயர் ஹாரன். அவர் ரகசியம் பேசினால் எதிர்வீட்டில் பதில் சொல்வார்கள். தும்மினால் பஸ் தானாகவே அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும் என்று கண்டக்டர் சத்தியம் செய்வார். "இவன் பொறந்தப்ப இவன் அழல, டாக்டர்தான் அழுதாரு" என்று பெற்ற தாயே சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயலின்காரிக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. யாராவது மெல்லுவதை நிறுத்திவிட்டு, அவள் வாசிப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். ஆயுளில் ஒரு தடவை போதும்.

கேட்க ஓர் ஆள் வந்துவிட்டார். ஊரில் சின்ன இசை அரங்கு ஒன்றை நடத்துகிறவர். சூப்பை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். சூப் சரியில்லை போலிருக்கிறது என்று பரிமாறுகிறவர் பதறி இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தார், அதையும் ஆறவிட்டார். பிறகு எழுந்து இவளிடம் வந்தார். "இந்த இரைச்சல்ல நீங்க வீணாப் போறீங்கம்மா. எங்க அரங்குல வந்து ஒரு சாயங்காலம் வாசிங்க. அங்க கொசு பறந்தாக் கேக்கும்."

கொசு பறந்தால் கேட்கும் இடத்தில் என்னவெல்லாம் கேட்கும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

பழகிப் பார்க்க ஒரு மதியம் அங்கே போனாள். காலி நாற்காலிகள், அரங்குக்காரர் மட்டும் நடுவில். அவள் தேர்ந்தெடுத்திருந்த பாட்டு நீளமான, மெல்லிய ஒரே ஸ்வரத்தில் தொடங்கும். வில்லை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவசரப்படாமல் இழுக்க வேண்டும். இழுத்தாள். சுடுமணலில் நடக்கும் கோழிபோல வில் தந்திமேல் தத்தித் தத்திப் போயிற்று. மறுபடி இழுத்தாள், மறுபடி கோழி. புது இடம், போகப் போகச் சரியாகிவிடும் என்று அரங்குக்காரர் ஆறுதல் சொன்னார்.

வீட்டில் அந்த ஸ்வரத்தை அவள் இழுத்து இழுத்துப் பழகியதில், மாமியார் காய் நறுக்குவதுகூட அதே நீளத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒரு தடவைகூட வில் நடுங்கவில்லை. வராத நடுக்கத்தை எப்படிச் சரிசெய்வது? அதை வரவழைத்துப் பார்க்கலாம் என்று வயலினைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடினாள். மூச்சு வாங்க நின்று வாசித்தாள். நெஞ்சு தடதடவென்று அடித்தது, முட்டி வலித்தது, வில் மட்டும் நல்ல பிள்ளையாகப் போயிற்று. கீழ்வீட்டுக்காரர் நாய் துரத்துகிறதோ என்று தடியோடு வெளியே வந்தார்.

மேடை ஏறுகிறவர்களுக்கு உடம்பைக் கவனிக்கச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருந்தார். மூச்சு டீச்சர் என்பார்கள். நல்ல மனுஷி. தரையில் படுக்கவைத்து, பாதத்திலிருந்து தொடங்கி உச்சிவரை ஒவ்வோர் இடமாக உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். இவளும் சிரத்தையாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. அரங்கின் அமைதியை நினைத்த உடனே முதலில் கால்விரல் சுருள்கிறது. அப்புறம் முட்டி பூட்டிக்கொள்கிறது. வயிறு இறுகுகிறது, மூச்சு பாதியில் நிற்கிறது, தாடை கடித்துக்கொள்கிறது, தோள் காதுக்கு ஏறுகிறது. கடைசியில்தான் முழங்கை, மணிக்கட்டு, வில்.

"எல்லாம் தெரியுது டீச்சர். தெரிஞ்சு என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதோட சண்டை போடாம பாத்துக்கிட்டே இருங்க. அதுவா தணியும்."

தணிந்தது, டீச்சர் வீட்டுத் தரையில். திரும்பவும் அரங்குக்குப் போனபோது கால்விரல் சுருண்டதைப் பார்த்தாள், முட்டி பூட்டியதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். நடுக்கம் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வில்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தொழில்முறையில் விளங்கிக்கொண்டார்.

"ரூட்டு தெரியுது. எந்த ஸ்டாப்ல ஏறுது, எங்க இறங்குதுன்னு தெரியுது. பிரேக் மட்டும் இல்ல. அதானே?"

"அதாங்க."

அதற்குப் பிறகு ஹாரன் பேசாமல் இருந்தார். மாமியார் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் சாப்பிடும்போது கை தவறி அவர் ஸ்பூன் தட்டில் விழுந்தது. அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று.

அவர் சொன்ன திட்டம் இதுதான். இவள் உடம்பு ஸ்பூன் சத்தத்தில் வளர்ந்த உடம்பு. அதற்கு அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கோட்டுப் பையில் ஒரு ஸ்பூனும் சின்னத் தட்டும் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார். இவள் வில்லைத் தூக்கியதும் ஸ்பூனைத் தட்டில் ஒரே ஒரு தடவை போடுவார். அரங்கே திட்டாதா என்று இவள் கேட்டாள்.

"திட்டட்டுமே. இந்த ஊர்ல என்னைத் திட்டாதவன் பஸ்லயே ஏறாதவன்தான்."

வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். சமையலறையிலிருந்து 'டிங்' என்று கேட்டதும் அவள் தோள் இறங்கியது, சிரிப்புகூட வந்தது. அவள் நம்பிவிட்டாள்.

அந்தச் சாயங்காலம் அரங்கு நிறைந்திருந்தது. விளக்கு அவள்மேல் விழுந்தது. யாரும் மெல்லவில்லை. யாரும் உப்புக் கேட்கவில்லை. அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். ஆயுள் முழுக்க ஆசைப்பட்டது இதற்குத்தான். கால்விரல் சுருண்டது. முட்டி பூட்டியது. வயிறு, மூச்சு, தாடை. ஒரு நிறுத்தமும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அவள் வில்லைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள்.

அவர் தட்டை மடியில் வைத்து, ஸ்பூனை அதற்கு மேலே பிடித்திருந்தார். குறுகலான சந்துகளில் பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிற கை. அது நடுங்கியது. இத்தனை பேர் ஒன்றாகச் சத்தமில்லாமல் இருந்து அவர் பார்த்ததே இல்லை. தோள் காதுவரை ஏறியிருந்தது, தாடை கடித்திருந்தது. தனக்கு வந்த அதே வழியில் அவருக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்பதை அவள் மேடையிலிருந்தே பார்த்தாள். அவ்வளவு நன்றாகப் பார்க்க டீச்சர் கற்றுக்கொடுத்திருந்தார். பார்த்து என்ன செய்வது? அவள் இறங்கிப்போய் அவர் கையைப் பிடிக்க முடியாது. அவரால் விரலைப் பிரிக்க முடியவில்லை.

வில்லை வைத்தாள். கோழி நடந்தது. நடு நடுவே கொஞ்சம் நிதானப்படும்; நிதானப்பட்டதைக் கவனித்ததும் மறுபடி தத்தும். அரங்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஒரு நடுக்கம் விடாமல், முழுசாகக் கேட்டது.

கடைசி ஸ்வரம் முடிந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள். அந்தத் தட்டலுக்கு நடுவில் ஸ்பூன் விழுந்தது. அது அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது. தோள் தானாக இறங்கியது, முட்டி இளகியது, கை நிலைக்கு வந்தது. இப்போது வாசிக்கச் சொன்னால் விடியும்வரை வாசிப்பாள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில், வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருக்க, இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"விரல் பிரியலடி" என்றார் ஹாரன். பக்கத்தில் இருந்த அவளே குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. ஸ்பூன் விழுந்த பிறகும் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சண்டை போடாதீங்க. கால்விரல்லேர்ந்து பாருங்க."

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "சுருண்டிருக்கு."

"எனக்குந்தான்" என்றாள் அவள். இறங்கவேண்டிய நிறுத்தம் போனது தெரியாமல் இருவரும் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.