மினுக்காத நட்சத்திரம்

விவேக் நகர்க் கடையில் தொங்கிய காகித நட்சத்திரத்துக்குள் பல்பு சூடேறி, பசையும் காகிதமும் கலந்த மணம் வந்ததுமே, இன்று அடுக்குமாடியாகிவிட்ட எங்கள் பழைய குடியிருப்பின் மொட்டைமாடிக்கு மனசு போய்விட்டது. டிசம்பர் வந்தால் கீழ்வீட்டுப் பிலோமினா குடும்பம் அங்கே மூங்கில் நட்டு இதே மாதிரி ஒரு நட்சத்திரத்தைக் கட்டிவிடும், காற்றில் அது சரசரத்துக்கொண்டே இருக்கும்.

அம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு சாயங்காலம், காய்ந்த துணி எடுக்கப் போன நான் மேற்கே ஒத்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் பார்த்தால் வீட்டுக்கு ஆகாது, இன்னொன்றையும் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பார்கள். வானத்தில் வேறொன்றும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது.

"எங்க ஸ்டாரைப் பாத்துக்கோடி," என்றாள் கூட வந்திருந்த பிலோமினா.

"அது பல்பு. நிஜ நட்சத்திரம்னா மினுக்கணும்."

அவள் கண்ணைச் சுருக்கி மேற்கே பார்த்தாள். "அப்போ அதுவும் இல்லடி. அது எங்க மினுக்குது?"

மினுக்கவில்லைதான். அது வெள்ளிக் கிரகம் என்று பிற்பாடுதான் படித்தேன். மறுபடி ஒற்றையாக எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, துணிக்குவியல் மேல் இருவரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். திறந்தபோது வானமெங்கும் நட்சத்திரங்கள் மினுக்கிக்கொண்டிருந்தன.

அப்போது பிறந்த தம்பி இன்று கடை வாசலில் நிற்கிறான். அவன் மனைவிக்கு நிறைமாதம்.

"அக்கா, ஒத்த நட்சத்திரம்," என்கிறான் மேற்கே பார்த்து, குரல் இறங்கி.

"நல்லாப் பாருடா. மினுக்குதா?"